குருதிக்கு ஒரு வாயில்: ஜெயப்பிரகாச நாராயணர் வாழ்வு

நாட்டுக்கு உழைத்த பெரியோரின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் கொள்கையை எழுதுவர். சிறை சென்ற ஆண்டுகளை எழுதுவர். நெஞ்சின் உறுதியை எழுதுவர். அவர்தம் கையின் நரம்பையும் நாளத்தையும் பற்றி எழுதுவார் அரியர். லோகநாயகர் எனப்பட்ட ஜெயப்பிரகாச நாராயணரின் வாழ்வில் இறுதி நான்கு ஆண்டுகளை அவர் கையை மறந்து எழுத இயலாது. இந்திய வரலாறு திரும்பிய அந்த ஆண்டுகளில், அவர் உயிர் உடலுக்கு வெளியே ஒரு பொறியில் சுழன்று வந்த குருதியைச் சார்ந்து நின்றது.

நான் அறிவியல் பயிலும் மாணவன். அரசியல் பயின்றவன் அல்லன். பிழைப்புக்காகத் தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. இந்நகரில் ஜே.பி. நகர் என்று நாள்தோறும் ஆயிரம் வாய்கள் சொல்கின்றன. மத்திகெரேயில் அவர் பெயரால் அகன்ற பூங்காவும் இருக்கிறது. ஆயினும் இரண்டு எழுத்தாகச் சுருங்கிய அப்பெயருக்கு உரியவர் யார், அவர் எதனால் வாழ்ந்தார், எதனால் மாய்ந்தார் என்று கேட்பார் குறைவு. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

பீகாரில், கங்கையும் சரயுவும் அடிக்கடி கரை மாற்றும் நிலப்பகுதியில், சிதாப்தியாரா என்னும் சிற்றூரில் 1902 அக்டோபர் 11 அன்று அவர் பிறந்தார். 1920 இல் பிரபாவதி அம்மையாரை மணந்தார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, தேர்வு நெருங்கிய வேளையில் அரசுக் கல்லூரியை விட்டு வெளியேறினார். கல்வியின் மேல் இருந்த வேட்கையை மட்டும் அவர் விடவில்லை. 1922 இல் கப்பல் ஏறி அமெரிக்கா சென்றார்.

அங்கே அவருக்குப் பணம் அனுப்புவார் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார், உணவு விடுதியில் தட்டுக் கழுவினார், ஆலைகளில் உழைத்தார். உழைத்த காசில் பயின்றார். முதலில் அவர் நாடியது அறிவியலையே. பின்னர்ச் சமூகவியலுக்கு மாறி, ஒகையோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று 1929 இல் தாயகம் திரும்பினார். இதற்கிடையே பிரபாவதி அம்மையார் காந்தியடிகளின் ஆசிரமத்தில் வாழ்ந்து பிரமசரிய விரதம் பூண்டிருந்தார். கணவர் அதனை மதித்து ஏற்றார். இருவரும் இறுதிவரை அவ்வாறே வாழ்ந்தனர்.

சிறையும் துறவும்

காங்கிரசுத் தலைவர்கள் பலரும் சிறைப்பட்ட 1932 இல் அவர் மறைவாக இயக்கத்தை நடத்தினார். அவ்வாண்டு அவர் கைதானது நம் சென்னையில். பின்னர் நாசிக் சிறையில் அடைபட்டார். அங்கே ஒத்த கருத்துடைய இளைஞர்களோடு ஏற்பட்ட நட்பு, 1934 இல் காங்கிரசு சோசலிசக் கட்சியாக உருக்கொண்டது.

1942 நவம்பரில், தீபாவளி இரவில், ஹசாரிபாக் சிறையின் உயர்ந்த மதிலைத் தோழர் ஐவரோடு தாண்டினார். முடிச்சிட்ட வேட்டிகளே அவர்களுக்கு ஏணி! ஓராண்டு அளவும் தலைமறைவாகப் போராடி, 1943 செப்டம்பரில் மீண்டும் பிடிபட்டார். இலாகூர்க் கோட்டையில் அவர் பட்ட துன்பம் கொடியது. உறங்கவிடாமல் இரவும் பகலும் வினவி வருத்தினர். 1946 ஏப்ரலில்தான் விடுதலை கிடைத்தது.

விடுதலை பெற்ற நாட்டில் அமைச்சுப் பதவி அவருக்கு எட்டாக் கனி அன்று. அவர் அதைத் தேடவில்லை. 1954 இல் வாழ்நாள் முழுவதையும் வினோபாவின் பூதானப் பணிக்கு ஈந்தார். 1965 இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1972 இல் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர் பலர் அவர் சொல்லை நம்பித் துப்பாக்கியைக் கீழே வைத்தனர். 1973 இல் பிரபாவதி அம்மையார் புற்றுநோயால் மறைந்தார். எழுபது வயது கடந்தவர் தனியரானார்.

வேலூரும் பாட்னாவும்

1974 இல் பீகார் மாணவர்கள் விலைவாசி ஏற்றத்தையும் ஊழலையும் எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். தலைமை ஏற்க அவரை அழைத்தனர். அறவழி பிறழாமை என்னும் நிபந்தனையோடு அவர் ஏற்றார். அந்நாளிலேயே உடல் அவரைச் சோதித்தது. ஏப்ரலில் அவர் வேலூர் வந்து, கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புராஸ்டேட் அறுவை செய்துகொண்டார். மூன்றாண்டுகளுக்கு முன், 1971 இல், இந்நாட்டின் சிறுநீரக மாற்று வரலாற்றில் முதல் வெற்றியைத் தந்த மருத்துவமனை அது. ஜூன் 5 அன்று பாட்னாவின் காந்தி மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் நின்று முழுப் புரட்சிக்கு அழைப்பு விடுத்தார்.

1975 ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை வந்தது. விடியுமுன்பே அவர் டெல்லியில் கைதானார். அதே 26 ஆம் நாள் நாம் வாழும் பெங்களூரிலும் கைதுகள் நிகழ்ந்தன. நாடாளுமன்றக் குழுப் பணிக்காக இங்கு வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே முதலியோர் மத்திய சிறையில் அடைபட்டனர். அச்சிறை வளாகமே 2008 இல் சுதந்திரப் பூங்கா ஆயிற்று. நம்மில் பலர் அதன் வழியே நாள்தோறும் செல்கிறோம்.

ஜெயப்பிரகாசர் சண்டிகர் மருத்துவமனையில் காவலில் வைக்கப்பட்டார். அங்குத் தனிமையில் நாட்குறிப்பு எழுதினார். மாதங்கள் செல்லச் செல்ல உடல் தளர்ந்தது. நவம்பரில் அவர் விடுவிக்கப்பட்டபோது இரு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. காவலில் அவருக்குக் கிடைத்த மருத்துவத்தைப் பற்றிப் பலர் ஐயுற்றனர். பின்னர் விசாரணைக் குழுவும் அமைந்தது. அவ்வழக்கினுள் நான் புகவில்லை. டெல்லி வழியாகப் பம்பாய் சென்று ஜஸ்லோக் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்குச் சிறுநீரக மருத்துவத்தின் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் எம்.கே. மணி. பின்னாளில் சென்னையில் பெரும்புகழ் பெற்றவர் அவர்.

இனி அறிவியலுக்கு வருவோம்.

பொறி இருந்தும் வழி இல்லை

சிறுநீரகம் செயலிழந்தால் குருதியில் யூரியா முதலிய கழிவுகள் தேங்கும், நீர் தேங்கும், பொட்டாசியம் மிகுந்து இதயம் திடீரென நிற்கவும் கூடும். குருதியை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வின் ஒரு புறம் ஓடவிட்டு, மறுபுறம் உப்புக் கரைசலை ஓட்டினால் கழிவுகள் சவ்வைக் கடந்து கரைசலில் சேரும். தூய்மையான குருதியை மீண்டும் உடலில் செலுத்தலாம். இதுவே டயாலிசிஸ். நெதர்லாந்தில் ஹிட்லரின் படை ஆண்ட காலத்தில், காம்பென் என்னும் சிறு நகரில், 1943 இல் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றி முதல் பொறியை இயக்கினார். 1945 இல் முதன்முதலாக ஓர் உயிர் அதனால் மீண்டது.

பொறி கிடைத்துவிட்டது, இனிச் சிறுநீரக நோயால் சாவு இல்லை என்று எண்ணத் தோன்றும். அன்று! பொறிக்குக் குருதி போவது எவ்வாறு? நிமிடத்துக்கு இருநூறு முந்நூறு மில்லிலிட்டர் குருதி தடையின்றி ஓட வேண்டும். நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ அறுபது லிட்டர். உடலில் உள்ளதோ ஐந்து லிட்டர். ஆகவே மொத்தக் குருதியும் பன்னிரண்டு முறை வெளியே சென்று திரும்ப வேண்டும். கையில் நீலமாய்த் தெரியும் சிரை, மேலே எளிதில் எட்டும். ஆனால் அதில் ஓட்டம் போதாது. இதயத்திலிருந்து வரும் தமனியில் ஓட்டம் உண்டு. அதுவோ ஆழத்தில் இருக்கிறது. குத்தினால் வலி மிகும். குருதி நிற்பதும் அரிது. எனவே கோல்ஃப் காலத்தில் ஒவ்வொரு முறையும் நாளத்தை அறுத்துக் கண்ணாடிக் குழாய் செருகி, முடிந்ததும் கட்டிவிடுவர். கட்டிய நாளம் மீண்டும் பயன்படாது. சில முறைக்குப் பின் கையிலும் காலிலும் இடமே இராது. பொறி ஓடிக்கொண்டிருக்க நோயாளி இறப்பார். சில நாளில் தானே தேறக்கூடிய சிறுநீரகத்துக்கு மட்டுமே அப்பொறி துணை. நிலையாய்ச் செயலிழந்தவருக்குத் துணை இல்லை.

இப்பூட்டைத் திறந்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரம். பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், வெயின் குவின்டன் என்னும் பொறியாளரோடு சேர்ந்து, எதுவும் எளிதில் ஒட்டாத டெஃப்லானால் இரு குழாய் செய்தார். ஒன்றைத் தமனியிலும் மற்றொன்றைச் சிரையிலும் செருகி, வெளிமுனைகளைத் தோலுக்கு மேல் வளைத்து இணைத்தார். பொறி ஓடாத நாளிலும் குருதி அவ்வளைவில் ஓடிக்கொண்டே இருக்கும், ஆதலின் உறையாது. 1960 மார்ச்சில் கிளைடு ஷீல்ட்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளி அதனை முதன்முதல் அணிந்தார். நாள்களில் முடிந்திருக்கும் அவர் வாழ்வு பதினோரு ஆண்டு நீண்டது. ஆனால் பொறிகள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் தருவது என்று முடிவு செய்யச் சியாட்டிலில் பொதுமக்கள் குழு ஒன்றே அமைக்க நேர்ந்தது.

தோலுக்கு வெளியே நீட்டிய குழாயில் கிருமி புகும், குருதி உறையும், கழன்றால் ஆபத்து. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சிமினோ, பிரெஷியா, அறுவை மருத்துவர் அப்பெல் ஆகியோர் வேறு வழி கண்டு 1966 இல் வெளியிட்டனர். அயற்பொருள் எதுவும் இல்லை. மணிக்கட்டருகே தமனியையும் அதன் பக்கத்துச் சிரையையும் தோலுக்கடியில் ஒன்றோடொன்று தைத்துவிட்டனர்; அவ்வளவே. தமனியின் வேகம் சிரைக்குள் பாய்கிறது. சில வாரங்களில் சிரை பருத்துச் சுவர் தடிக்கிறது. மேலே எட்டும் நாளம், உள்ளே வலிய ஓட்டம். இரு நலமும் ஒன்றில் கூடின. இதனையே பிஸ்டுலா என்கிறோம். நன்கு அமைந்தால் பல்லாண்டு உழைக்கும். இன்றளவும் இதனினும் நல்ல வழி பெரும்பாலோர்க்குக் கிடைக்கவில்லை.

நான்கு ஆண்டுகள்

இவ்வறிவு பிறந்து பதினைந்து ஆண்டுகளே கடந்த நிலையில் ஜெயப்பிரகாசர் ஜஸ்லோக்கில் படுத்தார். 1959 இல் அவருக்கு இந்நோய் வந்திருந்தால் உலகின் எம்மருத்துவரும் அவரைச் சில வாரங்களுக்கு மேல் காத்திருக்க இயலாது. 1975 நவம்பர் முதல் 1979 அக்டோபர் வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், அவர் டயாலிசிஸால் வாழ்ந்தார். வாரம் இரு முறை என்று கொண்டாலும் நானூறு முறை! நானூறு முறை குருதி வெளியேறவும் திரும்பவும் அவர் உடலில் ஒரு வாயில் வேண்டியிருந்தது.

பாட்னா திரும்ப வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு பொறி வேண்டும். அதன் விலை பெரிது. காந்தி அமைதி நிறுவன அன்பர்கள் மக்களிடம் நிதி திரட்டினர். எளியோரும் சிறு சிறு தொகை தந்தனர். அப்போது பிரதமர் இந்திரா காந்தி, பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 90,000 ரூபாய் அனுப்பினார். ஜெயப்பிரகாசர் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டார். மக்கள் தந்ததே அவருக்குப் பொறியாயிற்று. உயிர்காக்கும் பொருள் எதிரே இருக்க, அதை யாரிடமிருந்து பெறுவது என்று எண்ணிப் பார்த்த மனத்தை நான் வியக்கிறேன்.

1977 சனவரியில் தேர்தல் அறிவிப்பு வந்தது. பிரிந்து கிடந்த கட்சிகளை ஒன்றாக்கி ஜனதாவை உருவாக்கும் பணியில் அவரே நடு அச்சு. டயாலிசிஸ் நாளுக்கும் அடுத்த டயாலிசிஸ் நாளுக்கும் இடையே கிடைத்த பொழுதில் பயணம் செய்து கூட்டங்களில் பேசினார். அந்த நோயாளி எவ்வாறு வாழ்கிறார் என்பதை அறிந்தவர்க்கே இதன் அருமை தெரியும். அளந்து குடிக்கும் நீர், உப்பற்ற உணவு, பொறியை விட்டு எழுந்ததும் உடலை அழுத்தும் சோர்வு. இவற்றோடு மேடை ஏறினார் எழுபத்துநான்கு வயதினர். மார்ச்சில் ஆட்சி மாறியது. ராஜ்காட்டில் காந்தியடிகளின் நினைவிடத்தில் புதிய உறுப்பினர்கள் அவர் முன் உறுதிமொழி ஏற்றனர். மே மாதம் சிகிச்சைக்காக அவர் சென்ற நகரம் எது? சியாட்டில்! குருதி வாயில் முதன்முதல் திறந்த அதே நகரம்.

1979 மார்ச்சில் அவர் இறந்துவிட்டதாகத் தவறான செய்தி பரவி, நாடாளுமன்றமே இரங்கலுக்காக ஒத்திவைக்கப்பட்டது. அவரோ பம்பாயில் உயிரோடிருந்தார். தாம் ஒன்றாக்கிய கட்சி சிதறுவதையும் அவ்வாண்டிலேயே கண்டார். அக்டோபர் 8 அன்று பாட்னாவில் மறைந்தார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் எழுபத்தேழு நிறைந்திருக்கும். 1999 இல் பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

நாம் கற்க வேண்டுவது

ஜெயப்பிரகாசருக்காக நாடே பொறி வாங்கித் தந்தது. இன்று பொறிகள் பெருகிவிட்டன. 2016 முதல் நடுவண் அரசின் டயாலிசிஸ் திட்டத்தால் மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பெங்களூரில் இதற்கென்றே அரசு சார்ந்த சிறுநீரக நிறுவனம் உண்டு. ஆயினும் கோல்ஃப் கண்ட பழைய இடர் வேறு உருவில் நிற்கிறது. பொறி இருக்கிறது, வாயில் இல்லை.

என் தாய்மாமன் பெங்களூரில் கொத்தனார். கால் வீங்கி மூச்சுத் திணறியபோது ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே நாள் கணக்கில் இடக்கையின் சிரைகளில் மாறி மாறி ஊசி ஏற்றினர். பின்னர்ச் சிறுநீரகம் செயலற்றது தெரிந்து கழுத்தில் குழாய் வைத்தனர். அதில் இருமுறை கிருமி புகுந்து குளிர்காய்ச்சல் கண்டார். பிஸ்டுலா அமைக்க முனைந்தபோது இடக்கைச் சிரைகள் தழும்பேறி அடைபட்டிருந்தன. வேறு வழியின்றிக் கரணை பிடிக்கும் வலக்கையிலேயே அமைத்தனர். அவர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். வண்டு சிக்கிய தீப்பெட்டி போல உள்ளே ஓர் அதிர்வு. அதுவே அவர் உயிரின் ஓசை. அந்தக் கையால் இனிச் செங்கல் சுமக்கக் கூடாது. உயிர் காத்த வழி தொழிலைக் கொண்டுபோயிற்று.

இதனைத் தடுத்திருக்கலாம். தடுக்கும் முறை அரிய கலை அன்று. சிறுநீரகம் பழுதாவது தெரிந்த நாளே, எழுதாத கையின் முழங்கைக்குக் கீழுள்ள சிரைகளை ஒதுக்கிக் காக்க வேண்டும்; ஊசி ஏற்றவும் குருதி எடுக்கவும் புறங்கையைக் காட்டலாம். பொறி தேவைப்படுவதற்குச் சில மாதம் முன்பே பிஸ்டுலா அமைத்தால், அது முதிர நாள் கிடைக்கும். கழுத்துக் குழாய் வேண்டியிராது. அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்டு கருவியால் நாளங்களின் அகலத்தை அளந்து நல்லதைத் தேர்ந்தால் பழுது குறையும். சிரை மெலிந்தவர்க்கு டெஃப்லான் இனத்துச் செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் பதிக்கும் முறையும் உண்டு. அது இரண்டாவது வழி. பிஸ்டுலா அமைந்த கையில் இரத்த அழுத்தம் அளக்கலாகாது. இறுகிய காப்பும் கடிகாரமும் அணியலாகாது. அக்கையைத் தலையணையாக்கி உறங்கலாகாது. ஊசி குத்தும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாள்தோறும் காலையில் விரல் வைத்து அதிர்வு உண்டா எனப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். நாளை எனத் தள்ளினால் வாயில் மூடிவிடும்.

இவற்றினும் முந்தியது நோயே வாராமல் காப்பது. டாக்டர் மணி பிற்காலத்தில் சென்னையை அடுத்த சிற்றூர்களில் வீடு வீடாக நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கண்டறிந்து, மலிவான மருந்தால் அடக்கும் பணியைத் தொடங்கினார். பெருந்தலைவருக்குப் பொறியால் மருத்துவம் செய்தவர், எளியவருக்குப் பொறியே வேண்டாத நிலையை விரும்பினார்.

தோழர்களே! இந்நகரில் கட்டடம் கட்டும் தமிழர் பலருக்குக் கன்னடம் சரளமாக வராது. ஆங்கிலம் அறவே தெரியாது. மருத்துவமனையில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டித் திரும்புகின்றனர். ஊசி ஏற்ற வரும் செவிலியரிடம், இந்தக் கை வேண்டாம், அந்தக் கையில் ஏற்றுங்கள் என்று சொல்ல அவர்களுக்குச் சொல் இல்லை. நம் மன்றத்தில் இரு மொழியும் அறிந்தோர் பலர் இருக்கிறோம். வாரத்தில் ஓர் அரைநாள் அவர்களோடு சென்று நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால், ஒருவரின் கை பிழைக்கும். கையால் வாழும் குடும்பம் பிழைக்கும். மாணவரை நம்பி முதுமையில் எழுந்து வந்தவர் ஜெயப்பிரகாசர். அவர் பெயரைச் சொல்லும் நகரில் மாணவர் செய்யத்தக்க பணி இதுவாகட்டும்.